பிள்ளை நம்மிடம் வந்து சொல்லட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பெற்றோருக்கான அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எங்களில் ஒருவர் வாசித்தாலும் எழுதியது பல பேர். எங்களில் ஆசிரியைகள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள், குவைத்தில் பல வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆகவே ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிகள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லது சொன்னாலும் நாங்கள்தான், பிழையை ஒப்புக்கொண்டாலும் நாங்கள்தான்.

நூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையில் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதென்றால் வீட்டில் ஒரு வழக்கே நடக்கும். எழுதப் படித்தால் யாருக்காவது கடிதம் எழுதிவிடுவாள் என்பது பெரியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் பாட்டிமார் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பயத்தை மீறி யாரோ ஒரு தகப்பனும் யாரோ ஒரு தாயும் பிள்ளையை அனுப்பியபடியால்தான் இன்றைக்கு நாம் இந்த மண்டபத்தில் இருக்கிறோம். இப்போது அதே பயம் கைத்தொலைபேசியின் வடிவத்தில் வந்திருக்கிறது. பயத்துக்குக் காரணமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. ஆனால் பயந்த பெற்றோர் செய்யும் முதல் காரியமே பல வேளைகளில் பிள்ளையை இன்னும் ஆபத்தில் தள்ளிவிடுகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

போன் எப்படி வந்தது?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை ‘பிள்ளைக்கு எதற்குப் போன்’ என்று கேட்ட நாமே, நகையை அடகு வைத்தும் சீட்டுக் காசை எடுத்தும் போன் வாங்கிக் கொடுத்தோம். பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. மலைநாட்டில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியதைச் செய்திகளில் பார்த்தோம். பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டை விட்டுப் போகவில்லை. ரியூசன் குறிப்பு அதில் வருகிறது, வகுப்புக் குழு அதில் இருக்கிறது.

நம் கரையில் இன்னொரு காரணமும் உண்டு. கற்பிட்டியிலிருந்து புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் என்று வென்னப்புவ வரை போய்ப் பாருங்கள். உழைக்கப் போன ஒருவராவது இல்லாத வீடுகள் குறைவு. உம்மா சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். தெற்கே மாரவில, வென்னப்புவப் பக்கம் அப்பாவும் அம்மாவும் இத்தாலியில் இருப்பார்கள். இங்கேயே இருக்கிற தகப்பன் பருவத்துக்குப் பருவம் வாடி மாறிப் போவார். பிள்ளையோடு இருப்பவர் உம்மம்மா அல்லது அம்மம்மா. அந்த வீட்டில் போன் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. அதில்தான் தாய் இருக்கிறாள். ‘போனைப் பறித்து வையுங்கள்’ என்று மேடையில் சொல்வது சுலபம். அந்தப் பிள்ளைக்கு அது தாயைப் பறித்து வைப்பதாகும்.

இரவு போனை வாங்கி வையுங்கள் என்ற அறிவுரையையும் எங்களில் ஒருவர் குவைத்திலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வேலை முடித்து, பாத்திரம் கழுவி, அவர் அறைக்கு வர அங்கே இரவு 11 மணி. இங்கே அப்போது ஒன்றரை. அந்த நேரத்தில் தாயின் குரலுக்காக ஒரு 13 வயதுப் பிள்ளை விழித்திருந்தது. தாய் பத்து நிமிடம் பேசிவிட்டுத் தூங்கிவிடுவார். பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். வீடு முழுக்கத் தூங்கும் அந்த நேரத்தில் போனில் விழித்திருந்து பேச வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வலை விரிக்கும் விதம்

கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வலையைக் கடலில் வெகுதூரம் வளைத்துப் போடுவார்கள். இழுக்க மணிக்கணக்கு ஆகும். வலைக்குள் இருக்கிற மீனுக்கு இடம் தாராளமாகவே இருக்கும். மடி நெருங்கும்போதுதான் அதற்குத் தெரியவரும். இணையத்தில் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் செய்வதும் இதுவே.

முதலில் ஒரு பாராட்டு வரும். டிக்டொக்கில் போட்ட காணொளிக்கு ஒரு நல்ல வார்த்தை, அல்லது ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் ‘நன்றாக விளையாடுகிறாய்’ என்று ஒரு குரல். வயதைக் கேட்டால் 17 என்பான், 19 என்பான். பிறகு ஒவ்வொரு நாளும் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பான். வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய விடயம். பிறகு நூறு ரூபாய் ரீலோட் வந்து விழும். அதற்குப் பிறகு ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என்ற வார்த்தை வரும். எங்கள் அனுபவத்தில், ஆபத்தின் முதல் அடையாளம் படம் கேட்பது இல்லை. இரகசியம் கேட்பதுதான். முதலில் கேட்பது சாதாரணப் படமாகவே இருக்கும், பள்ளிச் சீருடையில் கூட இருக்கலாம். கடைசியில் கேட்பது வேறு படம். அது போனதும் குரல் மாறும்: ‘காசு தா, இன்னும் படம் தா, அல்லது சொன்ன இடத்துக்கு வா. வராவிட்டால் உன் உம்மாவுக்கு அனுப்புவேன், அதிபருக்கு அனுப்புவேன்.’

இந்த மிரட்டலை நன்றாகக் கவனியுங்கள். அவன் கையில் இருக்கும் ஆயுதம் என்ன? நாம்தான். தகப்பன் அடிப்பார், தாய் செத்துப்போவேன் என்பாள், பாடசாலை பெயரை வெட்டும், ஊர் சிரிக்கும் என்று பிள்ளை நம்புவதால்தான் அந்த மிரட்டல் வேலை செய்கிறது. ‘சொல்லு, என் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்’ என்று ஒரு பிள்ளையால் பதில் சொல்ல முடிந்தால் அவன் பிடி பெருமளவு தளர்ந்துவிடும்.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். காசு பறிக்கும் மிரட்டலில் பெரும்பாலும் குறிவைக்கப்படுவது 14 முதல் 17 வயது வரையான ஆண்பிள்ளைகளே என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச்சில் 17 வயது மாணவன் ஒருவன், பெண் பெயரில் பேசியவர்களிடம் சிக்கி, ஒரே இரவுக்குள் உயிரை விட்டான். மிரட்டியவர்கள் நைஜீரியாவிலிருந்த சகோதரர் இருவர். அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து 2024இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். அந்தப் பையன் விளையாட்டு வீரன், நண்பர்கள் நிறைந்தவன். அன்றிரவு தகப்பனும் அதே வீட்டில்தான் இருந்தார்.

நம் நாட்டையும் பார்ப்போம். 2021இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியை இணைய விளம்பரங்கள் மூலம் விற்ற விவகாரம் வெளிவந்து பலர் கைதானார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் கண்காணாத தேசத்தவர்கள் அல்லர். பெரும்பாலும் இந்த நாட்டின் பெரியவர்களே.

வெட்கம் செய்த கொலை

2014 பெப்ரவரியில் நம் வடமேல் மாகாணத்திலேயே, குருநாகலில், ஒரு பாடசாலை மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பேஸ்புக் தொடர்பாக எழுந்த ஒரு விவகாரத்துக்குப் பிறகு நடந்தது அது. பெரியவர்கள் அவளை நடத்திய விதம் பற்றி அப்போது நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. யார் எவ்வளவு பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். புத்தளத்திலிருந்து குருநாகலுக்கு ஒரு பஸ் தூரம். பஸ் தூரத்தில் நடந்த அந்த மரணத்திலிருந்து நாம் என்ன கற்றோம்?

சொல்லக் கஷ்டமான விடயத்தை இப்போது சொல்கிறோம். சங்கத் தலைவியிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் நம் பழைய மாணவிகளின் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. நம் ஊர்ப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் படம். ‘பிள்ளைகளைக் கவனியுங்கள், காலம் கெட்டுப்போய்விட்டது’ என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் கெட்ட மனதோடு அனுப்பவில்லை. குழுவில் இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சிலர் அழுகிற முகம் போட்டார்கள். சிலர் ‘யாருடைய பிள்ளை’ என்று கேட்டார்கள். யாருடைய பிள்ளை என்று பதிலும் வந்தது. ‘இதை அழியுங்கள்’ என்று அன்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டு நாளில் அந்தப் படம் ஊர் முழுக்கப் போயிருந்தது. அவள் பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு நம் மண்டபத்தில் போட்ட மேசைகளில் அவளுடைய மேசையில் ஆள் இல்லை.

அவளை ஏமாற்றியவன் ஒருவன். அவளைப் பாடசாலையிலிருந்து துரத்தியது அவன் மட்டும் இல்லை. நாங்கள் எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டு செய்தது அதைத்தான்.

சட்டமும் இதை எச்சரிக்கையாகப் பார்ப்பதில்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பது மட்டுமல்ல, பரப்புவதும் கையில் வைத்திருப்பதும் கூடக் குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு சொல்கிறது. 1995இல் செய்த திருத்தத்தால் வந்த பிரிவு அது. வட்ஸ்அப் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. இரண்டு வருடம் முதல் பத்து வருடம் வரை சிறை உண்டு. ‘எனக்கு வந்ததை அனுப்பினேன்’ என்பது அதற்குப் பதிலாகாது.

வேறு விதமாகவும் நடந்துகொள்ளலாம் என்று காட்டிய தாய்மார் இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் அல்மென்ட்ராலெஹோ என்று சுமார் 30,000 பேர் வாழும் ஒரு நகரம். 2023 செப்டெம்பரில் அங்கே இருபதுக்கு மேற்பட்ட பாடசாலைச் சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் பரவின. அவை ஒன்றும் உண்மையான படங்கள் அல்ல. அவர்களுடைய சாதாரணப் படங்களை எடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றால் உடையை நீக்கிச் செய்தவை. செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். அதில் ஒரு சிறுமியின் தாய் வைத்தியர். அவர் முகத்தை மறைக்காமல் முன்னுக்கு வந்து பேசினார். மற்றத் தாய்மாரும் சேர்ந்தார்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள், பிள்ளைகளிடம் ‘இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை’ என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் 15 சிறுவர்களுக்கு ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பை நீதிமன்றம் விதித்தது. தாய்மார் ஒன்றுகூடியபடியால் அந்தச் சிறுமிகள் தலைகுனிய வேண்டி வரவில்லை. நாங்களும் ஒன்றுகூடித்தான் இருந்தோம், ஒரு வட்ஸ்அப் குழுவில்.

ஒரு படம்கூட அனுப்பாத பிள்ளையும் இப்போது இப்படி அகப்படலாம் என்பதையும் அந்த ஊரிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். ‘நல்ல பிள்ளைக்கு இது வராது’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

முதல் ஒரு மணித்தியாலம்

பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து சொல்கிறது என்று வையுங்கள். அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவற்றை எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.

1. முதல் வார்த்தை ‘என்னிடம் சொன்னது நல்லது, நாம் இருக்கிறோம்’ என்பதாக இருக்கட்டும். கோபம் வரும். அந்தக் கோபத்தை அயல்வீட்டில் போய்க் கொட்டவும் வேண்டாம். ‘ஏன் அனுப்பினாய்’ என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

2. எதையும் அழிக்க வேண்டாம். மிரட்டிய செய்திகள், அவனுடைய பெயர், இலக்கம், கணக்கின் முகவரி, திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தைப் பிரதி எடுக்கவோ இன்னொருவருக்கு அனுப்பவோ வேண்டாம், ஆதாரம் என்ற பெயரிலும் வேண்டாம்.

3. காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மறுபடி கேட்பான். பேரம் பேசவும் வேண்டாம், ‘உன்னைக் கொல்வேன்’ என்று பதில் எழுதவும் வேண்டாம். ஆதாரம் எடுத்த பிறகு அந்தக் கணக்கை அந்தந்தச் செயலியிலேயே முறையிட்டுத் தடை செய்யுங்கள்.

4. 1929க்கு அழையுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது. பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம். பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்கு 109. கணக்கைக் களவாடினால், போலிக் கணக்கு உண்டாக்கினால் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101. எல்கே டொமைன் பதிவகம் நடத்தும் ‘ஹிதவதி’ சேவையும் இப்படியான சிக்கல்களில் வழிகாட்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தெரியாவிட்டால் நாளைக்கே கேட்டுத் தெரிந்து வையுங்கள்.

5. படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் நடத்துவது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. படத்திலிருந்து ஒரு எண் அடையாளம் நம் போனுக்குள்ளேயே உருவாகும். அந்த அடையாளத்தை மட்டும் வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டு நீக்கும். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு ‘ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.’ என்று இதேபோல் ஒன்று உண்டு. வட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த தனிச் செய்திகளுக்குள் இவை எட்டாது. அங்கே தடுக்கக்கூடியவர்கள் நாம் மட்டும்தான், நம் விரலை அடக்கி.

6. அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விட வேண்டாம். பக்கத்தில் படுங்கள். பிள்ளை ‘நான் இருந்து என்ன’ என்ற மாதிரிப் பேசினால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். எந்நேரமும் அழைக்கலாம்.

சட்டங்கள் நம் நாட்டில் குறைவில்லை. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, அதைப் பற்றிக் கருத்துச் சுதந்திர வாதங்களும் வந்தன. அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே வேண்டாம் என்று 2025 டிசம்பரிலிருந்து தடுத்திருக்கிறது. இவை எல்லாம் தேவைதான். ஆனால் இரவு ஒன்றரை மணிக்குப் பிள்ளைக்குச் சட்டம் ஞாபகம் வராது. யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு முகம் ஞாபகம் வர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

பத்து வயது வரை போன் பெரியவருடையது, பிள்ளைக்கு இரவல். 10 முதல் 13 வரை, விறாந்தையிலோ குசினியிலோ ஆட்கள் நடமாடும் இடத்தில் இருந்து பாவிக்கட்டும். அதற்கு மேல் பிள்ளைக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். ஒளித்து நின்று போனைத் துருவினால் பிள்ளை இரண்டாவது கணக்குத் திறக்கும். அதற்குப் பதிலாக எங்களில் ஒரு வீட்டில் செய்வதைச் சொல்கிறோம். கடவுச்சொல்லைப் பிள்ளையே ஒரு கடிதவுறையில் எழுதி ஒட்டித் தாயிடம் கொடுக்கும். ஆபத்து என்றால் மட்டும் உறையைத் திறக்கலாம். தாய் களவாகத் திறந்தால் ஒட்டியது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தாயிற்று.

வட்ஸ்அப்பில் நான்கு காரியத்தை இன்றைக்கே செய்யுங்கள். முகப்புப் படத்தை யார் பார்க்கலாம், குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இரண்டையும் ‘எனது தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால், வேறு யாரோ பிள்ளையின் செய்திகளை வாசிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரீலோட் கடையில் பிள்ளையின் இலக்கத்தைக் கொப்பியில் எழுத விடாதீர்கள். பின்னால் நிற்பவரும் அதை வாசிக்கலாம். தகப்பனோ தமையனோ தன் போனிலிருந்தே ரீலோட் போடட்டும், அல்லது கார்ட் வாங்குங்கள். வாங்கித் தராத ரீலோட் பிள்ளையின் போனில் வந்திருந்தால் அடிக்காமல் கேளுங்கள்: ‘இதை யார் போட்டது?’

உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் ‘எங்களுக்கு இந்தச் சாமான் விளங்காது’ என்கிறார்கள். போன் விளங்கத் தேவையில்லை. பிள்ளையின் முகம் அவர்களுக்கு விளங்கும். சோறு குறைகிறதா, போன் சத்தம் கேட்டதும் திடுக்கிடுகிறதா, பாடசாலைக்கு வயிற்றுவலி என்று சாட்டுச் சொல்கிறதா என்று எந்தச் செயலியை விடவும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ‘இன்றைக்கு யாரோடு கதைத்தாய் மகள்’ என்று தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்கிற கேள்வி போதும்.

ஆண்பிள்ளைகளின் தாய்மாரும் இங்கே நிறையப் பேர். உங்கள் மகனிடம் இரண்டு விடயம் சொல்லுங்கள். ‘உனக்கும் இது வரலாம், வந்தால் என்னிடம் வா.’ இது ஒன்று. ‘இன்னொருத்தியின் படம் உன் போனுக்கு வந்தால் அது உன்னோடு நின்றுபோக வேண்டும்.’ இது மற்றது.

ஒரு வரி எரித்த கரை

பிள்ளைக்குச் சொல்லும் விதி நமக்கும் பொருந்த வேண்டும். 2019 மே மாதத்தை இந்தக் கரை மறக்காது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து மூன்று வாரம். சிலாபத்தில் ஒரு கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் கருத்து. அதை மற்றொரு சாரார் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். படம் பிடித்துப் பரப்பினார்கள். மே 12ஆம் திகதி சிலாபத்தில் கல்லெறி. அடுத்த நாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். நாடு முழுவதும் ஊரடங்கு, சமூக ஊடகங்களுக்குத் தடை.

பரப்பியவர்கள் எல்லோரும் சிறுபிள்ளைகளா? படித்த பெரியவர்களும் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் படம் வந்தாலும், ஒரு கோபமூட்டும் வரி வந்தாலும், விரல் வைப்பதற்கு முன் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் பொறுத்திருங்கள். நாம் பொறுப்பதைப் பார்த்துத்தான் பிள்ளை பொறுக்கப் பழகும்.

தூரத்திலிருக்கும் சகோதரிகளுக்கு

இந்த மலரைக் குவைத்திலும் ரோமிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஊருக்குப் போன் அனுப்புகிறீர்கள். உங்கள் பழைய போனை உங்கள் கணக்கோடேயே அனுப்பாதீர்கள். அந்தக் கணக்கு உங்கள் வயதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று இன்ஸ்டாகிராமும் யூடியூபும் வைத்திருக்கிற பாதுகாப்புகள் அதில் வேலை செய்யாது. முழுவதும் அழித்து, பிள்ளையின் உண்மையான வயதில் கணக்குத் திறந்து, கூகுளின் ‘ஃபமிலி லிங்க்’ இணைத்து அனுப்புங்கள். டிக்டொக்கிலும் பெற்றோர் கணக்கை இணைக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது. தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பேசும் நேரத்தைப் பிள்ளையின் தூக்கத்துக்கு ஏற்றபடி வையுங்கள். நாம் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் குவைத்துச் சகோதரி பிறகு என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிந்து இரவில் ஐந்து நிமிடம் குரல் பதிவு செய்து அனுப்பினார். பிள்ளை அதைக் காலையில் எழுந்து கேட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முகம் பார்த்துப் பேசினார்கள். இரவு போன் உம்மம்மாவின் தலைமாட்டில் கிடந்தது.

மூன்றாவது, ஒவ்வொருவரும் உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்காவது மூன்றாவது ஆளாக இருங்கள். தாய் தகப்பனிடம் சொல்லப் பயமான விடயத்தைச் சொல்லக்கூடிய சாச்சியாக, மாமியாக, பெரியம்மாவாக இருங்கள். ‘உனக்கு எது நடந்தாலும் முதலில் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் போடு, நான் அடிக்கமாட்டேன், கேட்கமாட்டேன், வந்து நிற்பேன்’ என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். நடந்த பிறகு சொன்னால் பிள்ளை நம்பாது.

சங்கம் தன் பங்குக்கு ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது. நம் குழுக்கள் எதிலும் எந்தப் பிள்ளையின் படமும், எந்த நோக்கத்தோடும், பகிரப்படாது. வந்தால் முதலில் பார்ப்பவர் ‘அழியுங்கள்’ என்று எழுதுவார். எல்லோரும் அழிப்போம். அனுப்பியவர் எவ்வளவு மூத்த அக்காவாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. சங்க யாப்பின்படி இந்தக் கல்லூரியில் ஒரு வருடம் படித்திருந்தாலும் அவள் பழைய மாணவிதான். ஆகவே அன்று பரீட்சைக்கு வராத அந்தத் தங்கையும் நம் சங்கத்தைச் சேர்ந்தவள். இந்த மலர் அவள் கைக்கும் போகலாம். தங்கச்சி, நாங்கள் அன்று பார்த்தோம், பேசாமல் இருந்தோம். எங்களை மன்னித்துக்கொள். நீ வருகிற நாளில் உன்னிடம் எதையும் கேட்கமாட்டோம். உனக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது.